கோட்டை மூடுற நேரம்

அதான் சொல்றேன்ல தம்பி, கீழ யாரும் இல்லைன்னு. மூடுற நேரமானா மூடுங்க, எனக்கென்ன? டிக்கெட் வாங்கினவ கேக்குறதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் படி இறங்குங்க.

சத்தமா? உங்க ஆளுங்கதான் எங்கயாவது தட்டிட்டிருப்பாங்க. கோட்டையைப் புதுப்பிச்சோம்னு போர்டு மட்டும் பெருசா இருக்கு, உக்கார ஒரு பெஞ்சு உண்டா? பீரங்கிக்குக் கூரை போட்டிருக்கீங்க, மனுஷங்க வெயில்ல காயணுமா?

எங்க வீட்டுக்காரரா? வராம இருப்பாரா? கூட்டிட்டு வந்ததே அவருதானே. ஸ்கூல்ல டிரில் மாஸ்டர். வீட்லயும் விசில்தான். காலையில இருந்து சிப்பாய் எப்படி நின்னான், எப்படித் தின்னான்னு ஒரே பாடம், காது புளிச்சுப் போச்சு. எம் பொண்ணு பாவம், வெளியூர்ல வேலை கிடைச்சிருக்குப்பா, நாளைக்குச் சேரணும்ப்பான்னு வழியெல்லாம் கெஞ்சிட்டு வந்தா. வாசல் தாண்டினா காலை ஒடிப்பேன்னாரு. அந்தப் பீரங்கிகிட்ட, அத்தனை பேரு பாக்க! கழுதை வயசாச்சு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. பெத்த வயிறு எரியாதா?

ஏய், கையை எடுங்க. வழி மறிக்கிறேனா? ஆமா, மறிக்கிறேன், இப்ப என்னங்கிறீங்க? போய் உங்க ஆபீசரைக் கூட்டிட்டு வாங்க. அவரையும் நாலு கேள்வி கேக்கணும்.

கத்தலை. என் குரலே இப்படித்தான். இத்தனை வருஷம் இந்தக் குரலை அடக்கித்தான் வச்சிருந்தேன்.

இருங்க... அதோ கீழ பஸ் கிளம்புது. ஜன்னலோரம் பச்சைச் சட்டை தெரியுதா? எம் பொண்ணுதான். சாப்பாட்டுக் கூடையில டப்பாவுக்கு அடியில அவ துணியெல்லாம் வச்சு எடுத்துட்டு வந்தேன். அடியே, திரும்பிப் பாக்காதடி, போடி... வளைவு தாண்டிருச்சு. அப்பாடா.

ம், இப்ப இறங்குங்க. கைதிங்களைப் போடுற ரூம் இருக்குல்ல, அந்தக் கடைசி ரூம். கைதி எப்படிக் குறுகி உக்காந்திருப்பான்னு எங்களுக்குக் காட்டுறேன்னு அவரே உள்ள போனாரு. உங்க புண்ணியம், தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டு வச்சிருக்கீங்க, தொட்டதும் விழுந்துருச்சு. திறந்து விடுங்க. எவன் போட்டான்னு குதிப்பாரு. உங்க பொண்டாட்டிதான்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் ஓடிப்போகலை, இங்கயேதான் நிக்கிறேன்.