பெஞ்சக்காவின் முறை

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, நகரமன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, எனக்கு முன்னால் பேசி அமர்ந்த பெரியோர்களே, வீட்டில் ஒருவரை அடுத்தவர் பொறுப்பில் விட்டுவிட்டு, பாதி மனதையும் அங்கேயே விட்டுவிட்டு இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் என் சொந்தங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் மேடைப் பேச்சாளன் அல்லன். பேருந்து ஓட்டுகிறவன். "நாலு வார்த்தை நல்லதா பேசுங்கண்ணே" என்று சொல்லித்தான் என்னை மேலே ஏற்றிவிட்டார்கள். நம் பெஞ்சக்காவைப் பற்றி நல்ல வார்த்தை நாலென்ன, நாள் முழுக்கச் சொல்லலாம். மற்றவர்களைப் பற்றியும் சேர்த்து நல்லதாகவே பேச வேண்டும் என்றால், அதற்கு நான் ஆள் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அவர் வயதில் எனக்குத் தங்கை. என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஆனால் ஊரே அக்கா என்று கூப்பிட்டதால் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். கேட்பவர்கள் எங்களில் யார் மூத்தவர் என்று தெரியாமல் விழிப்பார்கள்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கூட்டத்தில் யாருடைய கண்ணாடியாவது கோணலாக இருந்தால் பேச்சை நிறுத்திவிட்டுக் கழற்றி வாங்குவார். கண்ணாடியின் காலை முறுக்கிச் சரிசெய்து மாட்டிவிட்ட பிறகுதான் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கண்காணிப்பாளர் ஐயா, இப்போது நீங்கள் போட்டிருக்கும் கண்ணாடியும் அவர் கைபட்டதுதான். அவர் சரிசெய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் அவர் உங்கள் கண்ணில் படவில்லையே, அது எப்படி?

பெஞ்சக்கா என்ற பெயர் ஏன் வந்தது? மேடையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மனநலப் பிரிவுக்கு வெளியே அந்த நீளமான நடைகூடத்தில் அப்போது உட்கார இடம் கிடையாது. பக்கத்தில் பல் மருத்துவப் பிரிவுக்கு நாற்காலி உண்டு. எலும்பு முறிவுக்கு உண்டு. எங்களுக்கு மட்டும் சுவர். நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை முழுக்க நிற்போம். அக்காவும் அவருடைய தம்பியும் அங்கேதான் நின்றார்கள். நானும் என் மகளும் அங்கேதான் நின்றோம். முகம் பார்த்துப் பேச வெட்கப்பட்டு ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் முதலில் பேசியவர் அவர்.

பெஞ்ச் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், எங்கள் பேருந்துப் பணிமனையின் மூலையில் கிடந்த பழைய பெஞ்ச் ஒன்றை, மேலாளரிடம் கேட்டு வாங்கி, நானும் அவரும் சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனோம். வாசலில் காவலாளி மறித்தார்.

"இதுக்கு அனுமதி இருக்கா?"

அக்கா பெஞ்சைக் கீழே வைக்காமலே கேட்டார். "உக்காரதுக்கு அனுமதி வேணுமாண்ணே? அப்ப இத்தனை நாளா நின்னோமே, அதுக்கு யார் அனுமதி குடுத்தா?"

காவலாளி சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, என் பக்கத்து முனையை அவரே பிடித்துக்கொண்டார். அந்த மனிதர் இப்போதும் இந்த அரங்கின் கதவோரம் நின்றுகொண்டுதான் இருக்கிறார். நாங்கள் தூக்கி வந்த பெஞ்சில் அடுத்த மாதமே 'மருத்துவமனைச் சொத்து' என்று பெயிண்டால் எழுதி எண்ணும் போட்டுவிட்டார்கள். அதில் மட்டும் தாமதமே இல்லை.

அந்த பெஞ்சில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒரு நாள் அக்கா என்னிடம் சொன்னார்.

"அண்ணே, நாளைக்கு உங்க பொண்ணோட நான் வந்து உக்காருறேன். நீங்க போய் என் தம்பியோட உக்காருங்க."

"எதுக்கு? அவங்கவங்க வீட்ட அவங்கவங்க பாத்தா போதாதா?"

"நான் மாத்திரை போடுன்னா தட்டத் தூக்கி எறியறான். நீங்க சொன்னா சரி சார்ம்பான். சொந்தக்காரங்கன்னாதான் கோவம். வெளியாளு முன்னாடி அவனுக்கும் ஒரு மானம் மரியாதை இருக்குல்ல?"

எனக்கு நம்பிக்கை இல்லை. போனேன். தம்பி என்னை டிரைவர் சார் என்று கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, எந்த வண்டி எந்த நிறுத்தத்தில் நிற்கும் என்று என்னிடமே கேள்வி கேட்டுப் பரீட்சை வைத்தான். மாத்திரையைப் பேச்சோடு பேச்சாக விழுங்கினான். வீட்டுக்குத் திரும்பினால், யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே இருந்த என் மகள், கூடத்தில் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அன்று மதியம் என் மனைவி தூங்கியிருந்தாள். வருஷக்கணக்காகத் தூங்காதவள்.

அதுதான் எங்கள் வழக்கம். எவரும் தம் வீட்டு ஆளோடு மட்டும் அடைந்து கிடப்பதில்லை. முறை வைத்து, மாற்றி உட்காருவோம். பிறகு அதே பெஞ்சுக்கு வந்த ஓர் ஆசிரியை சேர்ந்தார். மருந்துக்கடைக்காரர் சேர்ந்தார், யாராவது மாத்திரை வாங்க வராமல் போனால் அக்காவுக்குப் போன் செய்வார். காவல் நிலையத்தில்கூட, தெருவில் திசை தெரியாமல் நின்ற பிள்ளையை அடைத்து வைப்பதற்கு முன்னால், "உங்க ஆளாம்மா?" என்று அக்காவிடம் கேட்கப் பழகிக்கொண்டார்கள். எங்கள் ஆளோ இல்லையோ, "ஆமா, எங்க ஆளுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் அக்கா கிளம்புவார்.

கூலி வேலைக்குப் போகிறவன் காலையில் எப்படி மருத்துவமனைக்கு வருவான்? அதனால் மாலைப் பிரிவு வேண்டும் என்று அக்கா கேட்டார். எத்தனை முறை கேட்டார் என்று நான் எண்ணவில்லை. கடைசியில் கிடைத்தது. ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், சாயங்காலம் ஒரு விளக்கு. எங்கள் குடும்பங்கள் மூச்சு விட்டன என்றால் அது மிகையில்லை.

அப்புறம் என்ன நடந்தது? விருது நடந்தது. நாங்கள் மாற்றி உட்கார்ந்ததை மருத்துவமனையின் முன்னோடித் திட்டம் என்று சொல்லி, கண்காணிப்பாளர் ஐயா தலைநகரம் போய்ப் பொன்னாடை போர்த்திக்கொண்டு வந்தார். அக்காவுக்கு அழைப்பு இல்லை. அதற்குக்கூட அவர் வருத்தப்படவில்லை. "போகட்டும்ணே, பேரு அவங்களுக்கு, டாக்டரு நமக்கு" என்றார்.

டாக்டரும் நமக்கு இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு நாள் கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. பொதுமக்களின் பங்களிப்பு சிறப்பாக இருப்பதால், மாலைப் பிரிவு காலைப் பிரிவோடு இணைக்கப்படுகிறது. சிறப்பாக இருப்பதால்! நாங்கள் ஒழுங்காகச் செய்தோமாம், அதனால் நீங்கள் செய்ய வேண்டியதில்லையாம். நாங்கள் அரைகுறையாகச் செய்திருந்தால், பிள்ளைகள் தெருவில் அலைந்திருந்தால், மருத்துவர் இருந்திருப்பார். இப்படி ஒரு தப்பை எங்களைத் தவிர வேறு யாரால் செய்ய முடியும்?

அக்கா அதை நின்றபடி இரண்டு தடவை படித்தார். பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை.

"அண்ணே, அவங்க வர்ற வரைக்கும்தான் நாம தாங்கிப் பிடிச்சோம். அவங்க வராம இருக்கறதுக்கா பிடிச்சோம்?"

அன்றிலிருந்து அலைந்தார். கடை வேலையை அரை நாளோடு முடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினார். நெஞ்சில் வலி என்று மருந்துக்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறார். உடனே காட்டச் சொன்னதற்கு, "திங்கட்கிழமை கண்காணிப்பாளர் நேரம் குடுத்திருக்காரு. அத முடிச்சிட்டு அங்கேயே காட்டிக்கிறேன்" என்றாராம். திங்கட்கிழமை போனார். ஐயா கூட்டத்தில் இருக்கிறார், அடுத்த திங்கள் வா என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த திங்கள் வருவதற்குள் அவர் முறை வந்துவிட்டது. என் வீட்டில், என் மகளோடு உட்காரும் முறை.

நான் வண்டியில் இருந்தேன். மனைவி வேலையில். துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்திருக்கிறார். என் மகள், துணையில்லாமல் வாசற்படியைத் தாண்டி எத்தனையோ காலம் ஆன என் மகள், செருப்புகூட இல்லாமல் தெருவில் ஓடி, ஒவ்வொரு கதவாகத் தட்டி, "அக்காவுக்கு முடியல, வாங்க, வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறாள். ஆட்கள் வந்தார்கள். ஆம்புலன்ஸும் வந்தது. அக்கா அதுவரை இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் மகள் பாதி மடித்த துணியைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். தன்னால்தான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எங்கே கூட்டிப் போவேன்? மாலைப் பிரிவுக்குத்தான் கூட்டிப் போனேன், பழக்கதோஷத்தில். கதவு பூட்டியிருந்தது. காவலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாவி என்கிட்ட இல்லண்ணே, காலைல வாங்க" என்றார். அவர் என்ன செய்வார்? நாங்கள் அந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். அக்காவின் உடல் அதே கட்டடத்தில், இரண்டு நடைகூடம் தள்ளி இருந்தது.

இப்போது சொல்லுங்கள். சற்று முன் கண்காணிப்பாளர் ஐயா, ஈடு செய்ய முடியாத இழப்பு என்றார். ஐயா, ஈடு செய்யலாம். ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், சாயங்காலம் ஒரு விளக்கு போதும். நடைகூடத்துக்கு அக்காவின் பெயரை வைத்து, படத்தை மாட்டப்போவதாகத் தலைவர் அம்மையார் அறிவித்தார். வேண்டாம் அம்மா. அடிக்கிற ஆணியில், மாலையில் மருத்துவர் உண்டு என்று ஒரு பலகையைத் தொங்கவிடுங்கள். அக்காவுக்கு அந்தப் படம் போதும்.

தம்பி முன் வரிசையில் ஆசிரியையோடு உட்கார்ந்திருக்கிறான். தம்பி, உன் வீட்டுக்கு முறை தவறாது. நாளைக்கு ஆசிரியை, அதற்கு மறுநாள் நான். பரீட்சைக்குப் படித்துவிட்டு வருகிறேன். இது அக்காவின் பேரில் நாங்கள் எல்லோரும் கொடுக்கும் வாக்கு.

இன்னொரு வாக்கும் உண்டு. அது மேடைக்கு. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் வீடுகளில் உட்காரப்போவதில்லை. மாற்றி உட்காருவோம், ஆனால் உங்கள் நடைகூடத்தில், உங்கள் அறைக்கு எதிரே, எங்கள் பிள்ளைகளோடு, மாலைப் பிரிவு திறக்கும் வரை. பெஞ்ச் ஒன்றுதான் இருக்கிறது. மற்றவர்கள் நிற்போம். நின்று பழகியவர்கள்தான்.

நேற்று இதை வீட்டில் சொன்னபோது என் மகள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு, "நானும் வரேன்ப்பா" என்றாள். எங்கே உட்காருவாய் என்று கேட்டேன்.

"நான் நிக்கறேன். பெஞ்சுல அந்தப் பெரிய டாக்டரை உக்கார வைங்க. அவர் ஒண்ணும் பேச வேண்டாம். எங்களோட சும்மா உக்காரட்டும். அக்கா உக்காந்த மாதிரி."

கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, திங்கட்கிழமை என் மகளோடு உட்கார வேண்டிய முறை பெஞ்சக்காவுடையது. அதை உங்களிடம் ஒப்படைக்கிறேன். பெஞ்சைத் துடைத்து வைத்திருப்போம். வாருங்கள்.