மொட்டப்பாறை அருவிக்குப் போகிற வழி

செண்பகம்: ...அமிர்தி அருவி வேணாங்க. அது வேலூருக்கும் அந்தாண்ட. போறதுக்குள்ளயே பொழுது சாஞ்சிடும்.

வேலாயுதம்: அந்தாண்டன்னா இன்னா? நடந்தா போறோம்? காரு கீதுடி, காரு! விடிகாலைல கெளம்பினா வெயில் ஏர்றதுக்குள்ள எறக்கி வுட்டுட மாட்டாரு நம்ம டிரைவரு? இன்னா ஜியாவுல்லா பாய்?

ஜியாவுல்லா: எறக்கி வுடலாம் மொதலாளி. ஆனா ரோட்டோரம்தான் எறக்க முடியும். அங்கருந்து காட்டுக்குள்ள, ஆத்து மணல்ல அம்மா நடக்கணும்.

செண்பகம்: கேட்டீங்களா? ஆம்பூர் கடைத்தெருவ தாண்டறதுக்குள்ளயே எனக்கு முட்டி புடிச்சிக்குது. இவரு என்னை ஆத்து மணல்ல நடக்க வெக்கிறாராம்.

வேலாயுதம்: சரி, அது வேணாம். ஜலகம்பாறை. வாணியம்பாடி, திருப்பத்தூருன்னு நேரா போய்க்கினே இருக்கலாம். முருகன் கோயிலு வேற கீது. கும்பிட்டாப்பலயும் ஆச்சு, குளிச்சாப்பலயும் ஆச்சு.

செண்பகம்: அங்க ஆடி மாசம் போனாதான் விசேஷம்.

வேலாயுதம்: ஆடியில கூப்ட்டா கூட்டம்ன்னுவ. இப்ப கூப்ட்டா விசேஷம் இல்லன்ற. நீ எங்கதாண்டி போவணும்ன்ற?

செண்பகம்: நானா? நான் இன்னாத்த கண்டேன்... பேரணாம்பட்டு தாண்டி, கணவாய் ஏர்ற எடத்துல மொட்டப்பாறைன்னு ஒரு அருவி இருக்குதாம். காரு நேரா அடியில போய் நிக்குமாம். எறங்கினா தண்ணி, ஏறினா வூடு.

வேலாயுதம்: பேரணாம்பட்டா...

செண்பகம்: தாண்டி. பேரணாம்பட்டு தாண்டின்னு சொன்னேன்.

வேலாயுதம்: காது கேக்குது.

செண்பகம்: வேற வழி இருந்தா அதுல போங்களேன். நான் இன்னா வேணாம்ன்னா சொன்னேன்?

ஜியாவுல்லா: வேற வழி இல்லம்மா. பேரணாம்பட்டு பஜாருக்குள்ள பூந்துதான் போவணும்.

வேலாயுதம்: உன்ன யாரு பாய் கேட்டது? நீ காரத் தொட.

ஜியாவுல்லா: தொடச்சிக்கினுதான் கீறேன் மொதலாளி.

வேலாயுதம்: பக்கத்து வூட்டு ரங்கம்மாளும் அருவிக்கு வர்றேன்னு சொல்லிக்கினு இருந்திச்சே...

செண்பகம்: ஐயோ, அவங்க எதுக்கு? எடம் ஏது?

வேலாயுதம்: அதான... எடம் ஏது.

ஜியாவுல்லா: எடம் இல்லாம இன்னா? பின்னால தாராளமா மூணு பேரு...

செண்பகம்: இல்ல பாய்!

வேலாயுதம்: இல்லன்றாங்கல்ல? போறப்ப இருக்கும். வர்றப்ப பத்தாது.

செண்பகம்: வர்றப்ப யாரு ஏர்றாங்க புதுசா?

வேலாயுதம்: அது... பட்ட மூட்ட. மலையடியில நல்ல ஆவாரம்பட்ட கெடச்சா ரெண்டு மூட்ட போட்டுக்கினு வர வேணாமா? மண்டி வெச்சிருக்கிறவன் கை வீசிக்கினு வருவானா?

செண்பகம்: கார்ல பட்ட மூட்ட ஏத்துவீங்க? காலு தூசு பட்டாலே குதிப்பீங்க... ஆமா, சீட்டு மேல கெடந்த ஜமுக்காளம் எங்க?

வேலாயுதம்: வெளுக்கப் போட்டுருக்கு.

ஜியாவுல்லா: தொலஞ்சி போச்சும்மா.

செண்பகம்: ...ரெண்டுல எது?

வேலாயுதம்: வெளுக்கப் போட்ட எடத்துல தொலஞ்சி போச்சு. வுடேன்.

செண்பகம்: எப்படிங்க வுடறது? மக்பூல் சாயபுகிட்ட இருந்து இந்தக் கார வாங்கின அன்னைக்கு, சீட்டு தோலு, மேல ஜமுக்காளம் விரிச்சாதான் உக்காருவேன்னு தெருவே பாக்க நின்னீங்க. இப்ப வெறும் தோலு மேல உக்காந்துக்கினா போயி வர்றீங்க?

வேலாயுதம்: வெயில் காலம்டி. ஜமுக்காளம் சுடுது.

செண்பகம்: தோலு ஜில்லுன்னு இருக்குதாக்கும்?

வேலாயுதம்: பேச்ச மாத்தாத. மொட்டப்பாறைன்னே முடிவு பண்ணிக்கலாம். கணவாய் ஏர்றதுக்கு முன்னால காருக்குத் தண்ணி ஊத்தணும். பேரணாம்பட்டுலயே நிறுத்தி ஊத்திக்கலாம். நல்ல தண்ணி. சக்கர போட்டாப்பல இருக்கும்.

செண்பகம்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

வேலாயுதம்: இன்னாது?

செண்பகம்: சக்கர போட்டாப்பல இருக்கும்ன்னு.

வேலாயுதம்: எல்லாரும் சொல்றாங்க.

ஜியாவுல்லா: காருக்குக் கூட ரொம்பப் புடிச்சிதும்மா. போன வாட்டி...

வேலாயுதம்: பாய்!

ஜியாவுல்லா: தொடச்சிக்கினு கீறேன்.

செண்பகம்: போன வாட்டின்னா எப்ப?

வேலாயுதம்: பட்ட பாக்க மலைப்பக்கம் போனேன்ல, அப்ப. பட்ட இன்னா வானத்துலருந்தா வுழுது? நாலு ஊரு சுத்தினாதான் தோல் ஷாப்புக்காரனுக்குச் சொன்ன நேரத்துல குடுக்க முடியும்.

செண்பகம்: ஆமா. ஷாப்புக்குப் பட்ட விக்கலாம். அந்தப் பட்டையில தோல ஊற வெச்சி அவங்க பதம் போடலாம். அந்த வருமானத்துல நாம காரு வாங்கலாம். ஷாப்புல வேல செய்யிற மனுஷன் மட்டும்...

வேலாயுதம்: செண்பகம்.

செண்பகம்: நான் யாரு பேரையும் சொல்லலயே.

வேலாயுதம்: சொல்ல வேணாம்... கூடையில இன்னா கட்டி வெச்சிருக்க?

செண்பகம்: புளிசோறு. வழியில தல சுத்தினா மோந்து பாக்க எலுமிச்சம்பழம்.

வேலாயுதம்: அதுக்கு அடியில?

செண்பகம்: துண்டு.

வேலாயுதம்: இது துண்டா? உன் பழைய நூல் பொடவ. துவைச்சித் துவைச்சி பூவாட்டம் கீது.

செண்பகம்: குளிச்சா தொடச்சிக்க வேணாமா? வெச்சிடுங்க, மடிப்பு கலையுது.

வேலாயுதம்: அதுக்கும் அடியில இன்னாவோ சத்தம் போடுதே... இன்னாடி இது? கிலுகிலுப்ப! அருவியில குரங்குக்கு ஆட்டிக் காட்டப் போறியா?

செண்பகம்: குடுங்க இங்க.

வேலாயுதம்: செண்பகம்... அழுவறியா?

செண்பகம்: அருவியில தண்ணி இல்லீங்க. இந்தப் பங்குனி வெயில்ல எந்த அருவியில தண்ணி இருக்குது? வெறகு கொண்டாற எல்லம்மா அந்தப் பக்கத்துக்காரிதான். மொட்டப்பாறையில ஆடு படுத்துத் தூங்குதுன்னு அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வேலாயுதம்: தெரிஞ்சா கேட்ட?

செண்பகம்: தெரிஞ்சுதான் கேட்டேன். எனக்கு அருவி எதுக்கு? வழியில கீற ஊருதான் எனக்கு வேணும். நம்ம செல்லம்மா இருக்கிற ஊரு. மொதப் புள்ளய ஆத்தா வூட்டுல பெத்துக்க வேண்டியவ, மாமியா வூட்டுலயே பெத்துக்கினா. நான் ஒரு கஷாயம் வெச்சிக் குடுக்கல. புள்ள இப்ப தவழ்ந்துக்கினு வாசலுக்கு வர்றானாம். அதையும் வெறகுக்காரி வந்து எனக்குச் சொல்றா.

வேலாயுதம்: சரி... சரி. மெதுவாப் பேசு.

செண்பகம்: மெதுவாப் பேசித்தான் இத்தினி நாளு போச்சு. மாப்பிள்ள இன்னா தப்புங்க பண்ணாரு? குடிச்சாரா? கூத்தடிச்சாரா? துணிக்கட வேலைய வுட்டுட்டு தோல் ஷாப்புல தரம் பிரிக்கப் போனாரு. அதுக்கு நீங்க மண்டியில நாலு பேரு பாக்க, தோலு தொடற கை கீற வூட்டுல பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணீங்க. உங்க சத்தியத்துல நானும் சேர்ந்தா தாகத்துல கெடக்கணும்?

ஜியாவுல்லா: நான் வேணா அந்தாண்ட போவட்டா மொதலாளி?

வேலாயுதம்: நில்லு பாய். நீ எங்க போற.

செண்பகம்: நீங்க குடிக்க வேணாம். எறங்கக் கூட வேணாம். காருலயே உக்காந்துக்கினு அந்தாண்ட திரும்பிக்கோங்க. பாய் காருக்குத் தண்ணி ஊத்தற நேரம் எனக்குப் போதும். புள்ளய ஒரு வாட்டி மடியில போட்டுக்கினு ஓடியாந்துடறேன்.

வேலாயுதம்: தண்ணி ஊத்தற நேரம் போதாதுடி.

செண்பகம்: போதுங்க. நான் அடம் புடிக்க மாட்டேன்.

வேலாயுதம்: போதாதுன்றேன்ல. எனக்கே போதல.

செண்பகம்: ...இன்னா சொன்னீங்க?

ஜியாவுல்லா: சொல்லிடுங்க மொதலாளி. இத்தினி நாளா அம்மா கையால சோறு வாங்கித் தின்னுக்கினு வாய மூடிக்கினு கீறேன். பேஜாரா கீது.

வேலாயுதம்: அருவியில தண்ணி இல்லன்னு எனக்கும் தெரியும்டி. அமிர்தி, ஜலகம்பாறைன்னு சும்மாதான் ஒண்ணொண்ணா எடுத்து வுட்டேன். பேரணாம்பட்டுன்னு நீயே வாயத் தொறந்து சொல்லட்டும்ன்னு பாத்தேன். நானே சொன்னா சத்தியம் பண்ண மூஞ்சிய எங்க கொண்டு போய் வெக்கிறது?

செண்பகம்: அப்ப வர்றப்ப எடம் பத்தாதுன்னது?

வேலாயுதம்: பட்ட மூட்டைக்கா சொன்னேன்? தாயும் புள்ளயும் பத்து நாளு நம்ம வூட்டுல வந்து இருக்கட்டும். மாப்பிள்ளகிட்டயும் கேட்டுட்டேன்.

செண்பகம்: மாப்பிள்ளயா? உங்க வாயால மாப்பிள்ளன்னா சொன்னீங்க?

ஜியாவுல்லா: ஜமுக்காளமும் தொலையலம்மா. அது மேலதான் உங்க பேரன் தவழ்ந்துக்கினு கீறான். மொதலாளியே விரிச்சிப் போட்டாரு.

செண்பகம்: அடப்பாவி மனுஷா... அப்ப அந்தச் சத்தியம்?

வேலாயுதம்: போன வாட்டி பேரணாம்பட்டு பஜார்ல காரு கொதிச்சிப் போயி நின்னுடிச்சி. வேடிக்க பாக்கத்தான் ஆளு வந்திச்சி, ஒதவிக்கு ஒருத்தன் வரல. மாப்பிள்ளதான் ஷாப்புலருந்து கொடத்தத் தூக்கிக்கினு ஓடியாந்தாரு, அந்தத் தோலு தொட்ட கையோட. காருக்கு ஊத்தினது போவ அடியில ஒரு சொம்புத் தண்ணி மிச்சம். வெயிலு. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சி. மாமா, நீங்களும் குடிங்கன்னு ஒரு வார்த்த அவரு சொல்லல, கொடத்த சும்மா என் பக்கமா வெச்சிட்டு நின்னாரு... குடிச்சிட்டேன்டி. சக்கர போட்டாப்பல இருந்திச்சி.