கீழத்தோப்புத் தெருவின் முப்பத்தெட்டு மனைகளுக்காக நின்ற நீலாயதாட்சி அம்மையாருக்கு

நன்னிலம் வட்ட மகளிர் நலச் சங்கத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் செயலாளராகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் நீலாயதாட்சி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தவர்கள் அன்போடும் மறைக்க முடியாத கோபத்தோடும் படித்தளிக்கும் பாராட்டு மடல்.

வரப்பையே அலுவலகமாக்கிய அம்மையே!

தங்களுக்கு முன் இந்தச் சங்கம் தையல் கற்றுக்கொடுத்தது. தீபாவளிக்குச் சேலை கொடுத்தது. சேலை வாங்க வந்தவர்களிடம், "குடியிருக்கிற மனை யாருது?" என்று முதலில் கேட்டவர் தாங்கள்தான். பண்ணையாருடையது என்றார்கள். அவர் கோபித்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான் என்றார்கள். அன்றே சங்கத்தின் வேலை மாறியது.

குடியிருப்பவருக்கே மனை என்று சட்டம் வந்தபோது நாங்கள் ஒரு தவறு செய்தோம். விண்ணப்பத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில், கீழத்தோப்புத் தெருவின் முப்பத்தெட்டு வீட்டுக்கும் ஆண்களின் பெயரையே எழுதினோம். எழுதியதை உரியவர்களிடம் உரக்கப் படித்துக் காட்டுவது தங்கள் வழக்கம். கேட்பவர் சிரித்தால் அந்த வரி தவறு என்பது தங்கள் கணக்கு. நடவு வயலின் வரப்பில் நின்று, 'ராமாயி, கணவரின் ஆதரவில் வாழ்பவர்' என்று படித்தீர்கள். வயலே சிரித்தது.

"யாரு ஆதரவுல யாருங்க? அந்த மனுசன் வீட்டுக்கு வர்றதே சோறு வெந்த வாசத்துக்குத்தான்!" என்றார் ராமாயி. "சுவரு வச்சது நானு, கீத்து முடைஞ்சது நானு. பேரு மட்டும் அவருக்கா?"

பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அவர் தங்கை ராசம்மாள், "மாமா எங்கக்கா ஆதரவுல இருக்காருன்னு எழுதுங்கம்மா!" என்றார்.

தாங்கள் மட்டும் சிரிக்கவில்லை. முப்பத்தெட்டு விண்ணப்பங்களையும் அங்கேயே கோடு போட்டு அடித்தீர்கள். பட்டா பெண்ணின் பெயரிலும் வேண்டும் என்று ஐந்து பக்கக் கோரிக்கை எழுதினீர்கள். "பொம்பளைக்கு எதுக்கும்மா பட்டா? நாளைக்கே அப்பன் வீட்டுக்குப் போயிட்டா?" என்றார் ஓர் அதிகாரி. "போறதா இருந்தா முப்பது வருசத்துக்கு முன்னாடியே போயிருப்பாளுங்க" என்றீர்கள்.

அஞ்சாத அம்மையே!

அந்தக் கோரிக்கை மீது வரும் புதன்கிழமை விசாரணை. அதற்கு நான்கு நாள் இருக்கையில் தங்களுக்கு ஓய்வு. வயது ஐம்பத்தெட்டு, விதி விதிதான் என்கிறது நிர்வாகக் குழு. அதே குழு கணக்கருக்கு இரண்டு முறை பணி நீட்டிப்பு வழங்கியது. குழுத் தலைவரும் கீழத்தோப்புப் பண்ணையாரும் சம்பந்திகள் என்பதை இந்த மேடையில் சொல்லக் கூடாது என்றார்கள். சொல்லிவிட்டோம்.

பாராட்டு மடலில் இதற்கு இடமுண்டா என்று நாங்களும் தயங்கினோம். இரண்டு முறை எழுதிக் கிழித்தோம். நற்குணங்களைப் பட்டியலிட்டு மாலை போட்டு அனுப்பினால், உயிரோடிருப்பவரை அடக்கம் செய்வதுபோலத் தோன்றியது.

நோயின்றி, இதே குரலோடு, தாங்கள் நெடுநாள் வாழ வேண்டும். எங்களுக்கு இப்போதைக்கு அவசரமாகத் தேவைப்படுவது வரும் புதன்கிழமை. சங்கத்தின் சார்பில் விசாரணைக்கு எவரும் போகக் கூடாது என்று நேற்று உத்தரவு வந்தது. சங்கத்தின் சார்பில் போகவில்லை. நாங்கள் ஒன்பது பேரும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டோம். முப்பத்தெட்டுப் பெண்களும் அன்று நடவுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். காலை ஏழு மணிப் பேருந்தில் தங்களுக்கு இடம் போட்டு வைப்போம். கோரிக்கையைப் படிக்க வேண்டியவர் தாங்களே.

இங்ஙனம்,
சங்க ஊழியர்களும் மாலை வகுப்பு ஆசிரியர்களும்
நன்னிலம், 31-8-1974