சொதப்பல்னு சொல்லலாமா?

…அதான் கேக்குறேன், சொதப்பல்னு எப்படிம்மா எழுதலாம்? உதட்ட அசைக்காதீங்க, லிப்ஸ்டிக் கோணிடும். ஷாமளா மேக்கப்னா ஜோகூர்ல தெரியாத கல்யாண மண்டபம் இல்ல. அந்தத் தவமணிதேவி ஆன்ட்டி எனக்குப் பேஸ்புக்ல போட்டது ஒரே ஒரு வார்த்தை. சொதப்பல்! நாலு வார்த்தை திட்டியிருந்தாகூட தூங்கியிருப்பேன்லா.

என்னா நடந்துச்சுன்னா… கண்ண மூடுங்க… அவங்க மக கல்யாணம், பெக்கான் நானாஸ் ஊர்ல. உங்கள மாதிரி சிலோன் தமிழ் ஆளுங்கதான். மடிச்சுப் பின் குத்தி வைக்கச் சொல்லி கூறைச் சேலைய மாப்பிள்ளை வீட்டுல முதல் நாளே என்கிட்ட குடுத்துட்டாங்க. காலையில பாத்தா பொண்ணு வீட்டுச் சேலையும் சேத்து ரெண்டு சேலை. எது பளபளன்னு இருக்கு? கூறைதான். அதையே கட்டி மணவறைக்கு அனுப்பிட்டேன். மாப்பிள்ளை அதத் தட்டுல வெச்சு சபையில குடுத்து, பொண்ணு போய் மாத்திட்டு வந்தப்புறம்தான் தாலின்னு எனக்கு என்னா தெரியும்? அங்க ஐயர் தட்ட எடுத்தா, தட்டுல வெறும் தேங்கா! கூறைய உடுத்திக்கிட்டு பொண்ணு முன்னாடியே உக்காந்திருக்கு!

சரி, அது சொதப்பலா? நீங்களே சொல்லுங்க… வேணாம், சொல்லாதீங்க. தெரிஞ்ச வேலைய கை தடுமாறிக் கெடுத்தாத்தான் சொதப்பல். தோசைய திருப்புறப்ப கிழிஞ்சா சொதப்பல். மேடையில டான்ஸ் ஸ்டெப் மறந்தா சொதப்பல். நம்ம கோலுக்குள்ள நாமளே பந்த அடிச்சா, அது சொதப்பலோ சொதப்பல்! தெரியாத வேலைய அழகா செஞ்சு முடிச்சா? ஒரு மடிப்பு கலையலம்மா! அதுக்கு வேற வார்த்தை இருக்கணும்லா? எங்க வீட்டுக்காரர் தீபன்கிட்ட கேட்டேன். “இருக்கே, கேனத்தனம்”ங்குறாரு!

அதுலேருந்து சிலோன் கல்யாணம் ஒண்ணுகூட வரல. இன்னிக்கு உங்க சின்னம்மா கோமளாதான் நம்பிக் கூப்பிட்டிருக்காங்க. கீழ மண்டபம் முழுக்க அந்த ஆன்ட்டி சொந்தக்காரங்க. இன்னிக்கு ஒழுங்கா முடிஞ்சாத்தான் எனக்கு இந்தப் பக்கம் பொழப்பு. அதான் ஒவ்வொண்ணா கேட்டு வெச்சிருக்கேன். கூறை மாப்பிள்ளை அக்காகிட்ட பத்திரமா இருக்கு. உங்களுக்குக் கட்டப்போறது முதல் சேலை.

ஏம்மா திரும்பத் திரும்பக் கையத் தூக்குறீங்க? பாத்ரூமா? கொஞ்சம் பொறுங்க. ஸ்கூடாய் ஜாம்ல மாட்டி நானே லேட்டு. உள்ள நுழையுறேன், ஈர முடியோட நாற்காலியில ரெடியா உக்காந்திருக்கீங்க. நான் உங்களக் கும்பிடாத குறைதான். வாயத் திறக்க விடாம அப்படியே ஆரம்பிச்சுட்டேன். இந்தா, நெத்திச்சுட்டியும் மாட்டியாச்சு. கண்ணாடியப் பாருங்க! லட்சுமியேதான்!

இப்ப பேசுங்க.

…என்னா?

…பொண்ணு நீங்க இல்லையா? தங்கச்சியா? அப்ப கல்யாணப் பொண்ணு சிந்துஜா… இன்னும் குளிக்குறாங்களா? அலமாக்! நாற்காலியில என்னாத்துக்கும்மா உக்காந்தீங்க? …ஃபோன் சார்ஜ் போடவா!

ஐயோ, கீழ மேளம் ஆரம்பிச்சாச்சு. எழுந்திரிங்க, எழுந்திரிங்க. அந்த நெத்திச்சுட்டியக் கழட்டுங்க, மெதுவா, மெதுவா… பாத்ரூம் கதவு திறக்குது. நீங்க ஒண்ணும் பேசாதீங்க, நான் பாத்துக்கிறேன்…

வாங்க சிந்துஜா, வாங்கம்மா! இது வந்து… ட்ரயல்! தங்கச்சிக்குப் போட்டுப் பாத்தாத்தானே அக்காவுக்கு எப்படி இருக்கும்னு தெரியும்?