எழுபத்து மூன்றாம் எண் புத்தகமும் ஒன்பதாவது பெயரும்

இந்த ஆண்டுக் கூட்டத்தின் தலைமை நாற்காலியை ஏற்று அமர்ந்திருக்கும் தங்காக் ஜவுளி வணிகர், பன்னிரண்டு ரப்பர்த் தோட்டப் பாடசாலைகளுக்குத் தம் செலவில் பலகை வாங்கி அலமாரி அடித்துத் தந்த பெருந்தகை ஜெய்னுலாபுதீன் சாகிபு அவர்களே! மேடையை நிறைத்து வீற்றிருக்கும் பெரியோர்களே! மூவாரிலிருந்தும் பொந்தியானிலிருந்தும் செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி இடுப்பொடிய ஜொகூர் பாரு வந்து சேர்ந்திருக்கும் ஆசிரியத் தோழர்களே! பள்ளிக்கூடத்தில் பாடமும் சொல்லி, பாடம் முடிந்தபின் புத்தக அலமாரியையும் காத்து, 'தமிழ்ப் பாடசாலைப் புத்தகக் காப்பாளர் சங்கம்' என்ற இந்த நீளமான பெயரையும் தோளில் சுமக்கும் உறுப்பினர்களே! இடப்பக்கம் பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கும் பின்னே, தூணோரத்தில், தனியாக உட்கார்ந்திருக்கும் வெள்ளையம்மா அவர்களே! உங்கள் எல்லோரையும் இந்தச் சங்கத்தின் செயலாளன் சதாசிவம் தலைதாழ்த்தி வணங்குகிறேன்.

வெள்ளையம்மா யாரென்று பலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். சொல்கிறேன். அவரைப் பற்றிச் சொல்லத்தான் எழுந்தேன்.

நிகழ்ச்சித் தாளைப் பாருங்கள். 'நான்காம் தீர்மானம். தடைப்பட்டியலை அச்சிட்டு ஜொகூர் முழுவதும் உள்ள தமிழ்ப் பாடசாலைகளுக்கு அனுப்புதல். முன்மொழிபவர், செயலாளர் சதாசிவம்' என்று இருக்கிறது. அந்தச் செயலாளர் முன்மொழிய வரவில்லை. எதிர்த்துப் பேச வந்திருக்கிறார். தலைவர் அவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. பொறுத்தருள வேண்டும் சாகிபு. நேற்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

தோழர்களே, நாம் யார்? கரப்பானோடு போர் புரிகிறவர்கள். கறையானோடு கணக்குத் தீர்க்கிறவர்கள். மழைக்காலம் பிறந்தால் பூஞ்சணம் பூக்காமல் ஏட்டைப் புரட்டிப் புரட்டி வெயிலில் காய வைக்கிறவர்கள். ஒரு பள்ளிக்கு எத்தனை புத்தகம்? எண்பது. மிஞ்சிப்போனால் நூறு. அந்த நூற்றைக் காக்க நாம் என்னென்ன விதி செய்தோம்! எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே பழுப்புத் தாளில் அட்டை. அட்டைக்கு வெளியே பெயர் கூடாது. பெயர் இருந்தால் பிள்ளைகள் பிடித்ததையே தேடி எடுத்துக் கிழிப்பார்கள். ஆகவே வெளியே எண் மட்டும். எண் எழுதிய சீட்டைக் கஞ்சிப் பசையால் ஒட்ட வேண்டும், பசையில் மயில்துத்தம் கலக்க வேண்டும், கலந்தால் கரப்பான் சீட்டை அரிக்காது. இதையெல்லாம் உங்களுக்கு இதே மேடையில் நின்று சொல்லிக்கொடுத்தவன் யார்? நான்தான். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஊருக்கு உபதேசம் செய்தவன் தன் அலமாரிக்குத் துத்தம் கலக்கவில்லை. அந்த மாதம் துத்தம் தீர்ந்துபோயிருந்தது. வெறுங்கஞ்சியில் ஒட்டினேன்.

கதை அங்கே தொடங்குகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆட்களைக் குறைத்த நாட்களை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. தங்காக் பக்கத்தில் நான் பாடம் சொல்லும் தோட்டத்தில் ஒரு சாயங்காலம் ஆறு குடும்பங்களுக்குச் சேதி வந்தது. விடிந்தால் லாரி வரும், ஏறிக்கொள்ளுங்கள் என்று. அந்த ஆறில் ஒன்று காளியப்பன், வெள்ளையம்மா குடும்பம். அவர்களுக்கு ஒரே மகள். பெயர் கருப்பாயி. வயது பதினொன்று. என் பள்ளியில் படித்தவள். நான் கொடுத்த பறவைகள் புத்தகம் அப்போது அவள் கையில் இருந்தது. எண் எழுபத்து மூன்று.

லயத்து வீடுகளுக்கு எதிரே, வேலை முடிந்து வந்த பெண்களை உட்கார வைத்து, அந்தப் பிள்ளை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுமாம். மரங்கொத்தியைப் பற்றி வாசித்தால் அவர்கள் சிரிப்பார்களாம், எங்களைப் போலத்தான் அதுவும் பால்மரத்துக்கிட்ட விடியக்காலம் போவுதா என்று. இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் எழுபத்து மூன்று என்ற எண்தான்.

லாரி வந்த அந்தக் காலை நான் எங்கே இருந்தேன்? இங்கே இருந்தேன். இதே ஜொகூர் பாருவில், இதே ஆண்டுக் கூட்டத்தில், தடைப்பட்டியல் விதியை முன்மொழிந்துகொண்டிருந்தேன். தோட்டம் விட்டுத் தோட்டம் போகிறவர்கள் புத்தகத்தைக் கொண்டுபோய்விடுகிறார்கள், ஆகவே திருப்பாதவர் பெயரை எழுதி எல்லாப் பள்ளிக்கும் அனுப்புவோம், எந்தப் பள்ளியும் அவர்களுக்குப் புத்தகம் தரக்கூடாது, பட்டியலைப் பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்றேன். நீங்கள் கைதட்டினீர்கள். பலத்த கைதட்டல். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்கு நான் மகிழ்ந்தேன்.

திரும்பிப் போனேன். ஒரு மாதம் கழித்து அலமாரியைச் சரிபார்த்தேன். எப்படிச் சரிபார்த்தேன்? ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். எழுபத்து மூன்று இல்லை. பட்டியலில் எழுதினேன். ஒன்பதாவது பெயர், 'கருப்பாயி, காளியப்பன் மகள்'. கீழ்த்தட்டில் எண் போடாத புத்தகங்கள் ஒரு குவியல் கிடந்தன, யாரோ அன்பளிப்பாகத் தந்தவை, நானே பழுப்புத் தாள் அட்டை போட்டு வைத்தவை. அந்தக் குவியலில் ஒன்று கூடியிருந்ததை நான் கவனிக்கவில்லை.

காளியப்பன் குடும்பத்துக்குப் பொந்தியான் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. பிள்ளையை அங்கே பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே ஆசிரியர், இதோ மூன்றாம் வரிசையில் தலைகுனிந்து இருக்கிறாரே, தோழர் லெட்சுமணன். லெட்சுமணன் வாத்தியார், நிமிர்ந்து உட்காருங்கள். நீங்கள் விதியை நடத்தினீர்கள். விதியை எழுதியவன் நான்.

சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தது. நாம் கற்றுக்கொடுத்த எழுத்தை வைத்துத்தான் அந்தப் பிள்ளைகள் அதைப் படித்தார்கள். தோழர்களே, தங்கள் சொந்தப் புத்தியால், ஆசிரியர் சொல்லாமல், பாடமில்லாமல், அந்த வகுப்பு முதன்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்த வாசகம் எது தெரியுமா? 'கருப்பாயி, காளியப்பன் மகள்.' அன்றிலிருந்து அவளுக்குப் 'புத்தகக் கள்ளி' என்று பெயர்.

அவள் லெட்சுமணனிடம் போய், "நான் குடுத்துட்டேன் சார், சத்தியமா குடுத்துட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அவர் நல்லவர். எனக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். நான் என்ன செய்தேன்? மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று சீட்டுகளைப் பார்த்தேன். ஒரு கார்டில் மறுமொழி எழுதினேன். 'அலமாரி இருமுறை சரிபார்க்கப்பட்டது. புத்தகம் இல்லை. பட்டியல் சரியானதே.' அந்தக் கார்டை இவர் இன்னும் வைத்திருக்கிறார். நான் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். இதோ என் கையெழுத்து. அழகான கையெழுத்து.

எங்கள் தோட்டத்துப் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் கிருஷ்ணம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கூட்டுகிறவளிடம் புத்தகத்தைப் பற்றிக் கேட்பதா என்ற எண்ணம். வாத்தியார் புத்தி.

கார்டு வந்த மறுநாள் காளியப்பன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார். "களவாணிப் பேரோட எம்புள்ள அங்க உக்கார வேணாங்க" என்று லெட்சுமணனிடம் சொன்னாராம். பள்ளிக்குப் போகாத பிள்ளைக்குத் தோட்டத்தில் என்ன வேலை? புல் வெட்டும் வேலை. பெரியவர்களோடு விடியற்காலைப் பிரட்டு வரிசையில் நின்று, பேர் கொடுத்து, சதுப்பு நிலத்தின் ஓரத்தில், வாய்க்கால் கரையில், முழங்கால் தண்ணீரில். பொந்தியான் பக்கத்து வாய்க்கால் எப்படிப்பட்டதென்று அந்தப் பக்கத்தாருக்குத் தெரியும். அந்த ஆண்டு மழையில் குளிர்காய்ச்சல் வந்தது. கொயினா மருந்து கொடுத்தார்கள். ஒன்பதாம் நாள் இறந்துபோனாள்.

காய்ச்சல்தான் கொன்றது என்பீர்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸரும் அப்படித்தான் எழுதியிருப்பார். நான் மறுக்கவில்லை. ஆனால் பதினொரு வயதுப் பிள்ளையைக் காலை ஒன்பது மணிக்கு, வகுப்பில் இருக்க வேண்டியவளை, அந்த வாய்க்காலுக்கு அனுப்பியது யார்? கொசுவா? கங்காணியா? துரையா? தோழர்களே, நீங்களும் நானும் கைதூக்கி நிறைவேற்றிய விதி அனுப்பியது.

அவள் புத்தகத்தைத் திருப்பினாளா என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்வி. சென்ற மாதம் அந்தக் கீழ்த்தட்டுக் குவியலுக்கு எண் போட உட்கார்ந்தேன். ஐந்தாவது புத்தகத்தின் முகப்பில் சீட்டு ஒட்டியிருந்த தடம் மட்டும் இருந்தது. சீட்டைக் கரப்பான் தின்றிருந்தது, தாளோடு கஞ்சியோடு. அட்டையைத் திறந்தேன். பறவைகள் புத்தகம். உள்ளே கணக்கு நோட்டுத் தாளில் ஒரு துண்டு. வாசிக்கிறேன். 'சார் நாங்க நாளைக்கு லாரியில போறோம். நீங்க இல்ல. கிருஷ்ணம்மாக்கா கிட்ட குடுத்து வைக்கச் சொல்றேன். மயில் படம் முன்னாலேயே கிழிஞ்சிருந்துச்சு. நான் கிழிக்கல. சோத்துப் பருக்க வச்சு ஒட்டியிருக்கேன்.'

ஒட்டியிருந்தது. இன்னும் விட்டுப்போகாமல் ஒட்டியிருக்கிறது.

மன்னியுங்கள். கொஞ்சம் தண்ணீர் வேண்டும்.

போன வாரம் பொந்தியானுக்குப் போனேன். வெள்ளையம்மாவைப் பார்த்து நடந்ததைச் சொன்னேன். புத்தகம் கிடைத்துவிட்டது, உங்கள் பெண் மேல் குற்றமில்லை என்றேன். அவர் அழுவார், திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று பயந்துகொண்டு நின்றேன். அவர் ஒன்றுதான் கேட்டார்.

"பேரை அடிச்சிட்டீங்களா?"

நான் விழித்தேன். "எதும்மா?"

"அந்தச் சொவத்துல ஒட்டுனீங்களே, அதுலருந்து எம்புள்ள பேரை அடிச்சிட்டீங்களா?"

இல்லை என்றேன். ஒரு முறை ஏறிய பெயரை ஆண்டுக் கூட்டம் எழுந்து நின்று ஒப்பினால்தான் நீக்கலாம், அது விதி என்றேன். அதையும் எழுதியவன் நானே என்று சொல்லவில்லை. அவர் சொன்னார்: "அப்ப செத்தும் அதுல இருக்கா. எழுதத் தெரிஞ்சவங்க எழுதிட்டீங்க. எனக்குப் படிக்கத் தெரிஞ்சாலாவது, போற போற எடத்துல எங்க ஒட்டியிருக்குன்னு பாத்துக் கிழிச்சிருப்பேன்."

இந்தக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று மட்டும் அழைத்தேன். வேலையை விட்டு, ஒரு நாள் பேரும் கூலியும் போனாலும் போகட்டும் என்று வந்திருக்கிறார்.

என்ன செல்லப்பன் வாத்தியார்? உரக்கக் கேளுங்கள், எல்லோருக்கும் கேட்கட்டும். பட்டியல் இல்லாவிட்டால் புத்தகம் திரும்புமா என்கிறார். நியாயமான கேள்வி. திரும்பாது. சில திரும்பாது. ஆண்டுக்குப் பத்து போகும். வைத்துக்கொள்ளுங்கள், இருபதே போகட்டும். போன புத்தகம் எங்கே போயிருக்கும்? கடலிலா போயிருக்கும்? இன்னொரு தோட்டத்து லயத்தில், இன்னொரு விளக்கடியில், இன்னொருத்தி கையில் இருக்கும். அதைக் காணாமற்போனது என்று நாம் ஏன் எழுதினோம்? வேலை பறிகொடுத்து மூட்டை முடிச்சோடு ஓடுகிற குடும்பத்தின் பெயரைத் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி ஒரு பேரேட்டில் எழுதுகிறார், இவனுக்கு வேலை கொடுக்காதே என்று. நாம் ஒரு பட்டியலில் எழுதினோம், இவன் பிள்ளைக்குப் புத்தகம் கொடுக்காதே என்று. இரண்டுக்கும் என்ன வேற்றுமை? கிராணியாவது தமக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனிக்காக எழுதினார். நாம் யாருக்காக எழுதினோம்?

அச்சிடப் போகிறீர்களாம். மைப்பேனா கொண்டு எழுதியதே ஒரு பிள்ளையை வாய்க்காலில் இறக்கியது. ஈயத்தில் எழுத்துக் கோத்து அடித்தால் என்ன ஆகும்? சீட்டைப் பார்த்தோம், புத்தகத்தைப் பார்த்தோமா? பெயரைப் பார்த்தோம், பிள்ளையைப் பார்த்தோமா? அலமாரியைக் காத்தோம், அதற்கு முன்னால் கை நீட்டி நின்றவளைக் காத்தோமா? காப்பாளர் சங்கம் என்று பெயர். காத்தோம், காத்தோம், கரப்பானுக்கு மட்டும் காத்தோம்.

தலைவர் அவர்களே, நான் இரண்டு கோரிக்கை வைக்கிறேன். நான்காம் தீர்மானத்தைத் தள்ளுபடி செய்யுங்கள். ஒவ்வொரு பள்ளிச் சுவரிலும் ஒட்டிய பட்டியலை ஆசிரியரே தம் கையால், பிள்ளைகள் பார்க்க, கிழித்தெடுக்க வேண்டும். இதை அடுத்த ஆண்டு பேசிக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்காதீர்கள். இரண்டாவது, மூலப் பட்டியல் இதோ என் கையில் இருக்கிறது. ஒன்பதாவது பெயரை நீக்க விதிப்படி நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். இரவு ஆனாலும் சரி.

லெட்சுமணன் முதலில் எழுந்துவிட்டார். மூவார்த் தோழர்கள் எழுகிறார்கள். தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், நன்றி சாகிபு. தாய்மார்களே, நீங்கள் உறுப்பினர் அல்ல, எழ வேண்டிய விதி இல்லை... எழுந்துவிட்டீர்கள். செல்லப்பன் வாத்தியார் இன்னும் யோசிக்கிறார். யோசிக்கட்டும், அவசரமில்லை. அந்த அம்மா இரண்டு வருஷம் காத்திருந்தார்.

எழுந்துவிட்டார்.

பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது பெயரை அடிக்கிறேன். அந்த இடத்தை வெறுமையாக விட எனக்கு மனமில்லை. எழுபத்து மூன்றாம் எண் புத்தகம் இரண்டு ஆண்டு யாரிடம் சிக்கியிருந்ததோ அவர் பெயரை எழுத வேண்டும். எழுதுகிறேன். 'சதாசிவம், ஆசிரியர்.' இனி எந்தப் பள்ளியும் எனக்குப் புத்தகம் தர வேண்டாம். செயலாளர் பொறுப்பையும் இதோடு ஒப்படைக்கிறேன். பட்டியல் சுவரிலிருந்து இறங்கும் நாள்வரை என் பெயர் ஒன்றுதான் அதில் இருக்கட்டும். நீங்கள் எழுந்து நிற்கும்போதே மற்ற பெயர்களையும் அடித்துவிட்டேன்.

வெள்ளையம்மா, நீங்க எழுந்திருக்க வேணாம். உக்காந்தே கேளுங்க. பேரை அடிச்சாச்சு.

இவ்வளவு நேரம் இந்தக் கசப்பைக் கேட்டுக்கொண்டிருந்த சபைக்கு நன்றி. உங்களுக்கெல்லாம் வணக்கம். அந்தப் பிள்ளைக்கும் என் வணக்கம்.