சத்தம் வராத டிரம்ஸ்

எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்க வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பதில்லை. "இதுல சத்தம் வராதுல்ல?" என்றுதான் கேட்பார்கள். ஜப்பானில், ஹமாமாட்சுவில் ஒரு வாத்தியக் கடையின் மூன்றாவது மாடியில் பத்தொன்பது வருடமாக டிரம்ஸ் விற்கிறேன். ஒரு நாளைக்கு நான்கு பேராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள். பாதி ஊர் வாத்தியம் செய்து பிழைக்கும் இடத்திலேயே இப்படியென்றால் மற்ற ஊர்க்காரர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

வேறு நம்பிக்கைகளும் உண்டு. பட்டனை அமுக்கினால் தானே வாசிக்கும் என்பார்கள். மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒன்றுபோலத்தான் கேட்கும் என்பார்கள். தோல் கட்டியதுதான் டிரம்ஸ், இது பொம்மை என்பார்கள். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்வேன். சத்தம் பற்றி மட்டும் கூடுதலாக ஐந்து நிமிடம் பேசுவேன். கையால் அடிப்பதில் பிரச்சினை இல்லை, ரப்பரில் குச்சி படுகிற ஓசை அடுத்த அறைக்கே போகாது. காலில்தான் இருக்கிறது விஷயம். பெடலை மிதித்தால் அதன் சுத்தியல் தட்டில் மோதும், அந்த அதிர்வு கம்பி வழியாகத் தரைக்குள் இறங்கும். வாசிக்கிறவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நிற்கிறவருக்கும் தெரியாது. கீழ்வீட்டுக் கூரையில் மட்டும் யாரோ முஷ்டியால் குத்துவதுபோல விழும். இரண்டு பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை அடுக்கி, அந்த மேடைமேல் டிரம்ஸை வைத்தால் முக்கால்வாசி அடங்கிவிடும். இதைச் சொல்லாமல் நான் யாருக்கும் விற்றதில்லை. "குராமொச்சி, நீ விக்க வந்தியா, வர்றவங்களப் பயமுறுத்த வந்தியா?" என்று எங்கள் மேலாளர் அலுத்துக்கொள்வார்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

என் வீட்டு எண் 302. கீழே 202-இல் நிஷிவாகி அம்மா தனியாக இருந்தார். அறுபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்த பிறகும், மகன் ஷூஹெய் நகோயாவுக்குக் குடிபோன பிறகும் அவர் அந்த வீட்டை விடவில்லை. முப்பத்தொரு வருடம் இருந்த வீடு. கடைசிவரை அங்கேயே இருந்துவிட வேண்டும், வேறு ஆசை இல்லை என்று படியில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நான் குடிவந்த அன்று வழக்கப்படி ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பதிலுக்கு முள்ளங்கி ஊறுகாய் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது.

போன வருடத்துக்கு முந்தைய வருட நவம்பரில் டிரம்ஸை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் இசைக்குழு கலைந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மற்ற மூவருக்கும் பிள்ளைகுட்டி, பதவி, சொந்த வீடு. எனக்கு மாலை ஏழிலிருந்து எட்டுவரை அந்த ஒரு மணி நேரம் இருந்தது. பலகைகளும் அறுபது டென்னிஸ் பந்துகளும் வாங்கிவைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மேடை செய்வதாக இருந்தேன். சனிக்கிழமையே நிஷிவாகி அம்மா மேலே வந்துவிட்டார்.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும், குராமொச்சி சான். மேல ஏதாவது மரவேலை நடக்குதா?"

"டிரம்ஸ் வாசிக்கிறேங்க. எலெக்ட்ரானிக்."

வாசலிலிருந்தே எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அட, இதுதானா. நிஜ டிரம்ஸா இருந்தா பாட்டுன்னாவது நெனச்சிருப்பேன். யாரோ கோவத்துல தரையப் போட்டு மிதிக்கிறாங்கன்னுல்ல பயந்துட்டேன். நீங்க வாசிக்கிறீங்களாக்கும்."

கிண்டலாகச் சொல்லவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். பயம் தெளிந்த நிம்மதியில் வந்த பேச்சு. ஆனால் நான் முப்பது வருடம் வாசித்தவன். அவர் போனதும் பலகைகளை அலமாரிக்குள் சாத்திவைத்தேன். பந்துப் பையை அதற்குப் பின்னால் தள்ளினேன். கோபம் என்று சொல்ல மாட்டேன். சத்தம் வராது என்று ஊரே சொல்கிறதே, வராமலே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இரண்டாம் முறை அவர் என்னிடம் வரவில்லை. இங்கே யாரும் அப்படி நேரில் சண்டைக்கு வர மாட்டார்கள். கட்டடத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு எழுதினார். அவர்கள் ஒகாதா என்பவரை அனுப்பினார்கள். நான் எதையும் மறைக்கவில்லை. அவர் எதிரிலேயே வழக்கம்போல பெடலை ஓங்கி மிதித்தே வாசித்தேன்.

"இவ்வளவுதானா? எங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தட்டுறதே இதவிடச் சத்தமா இருக்குமே" என்றார் ஒகாதா.

தேநீர் கொடுத்து அனுப்பினேன். கீழே போய் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். தனியாக இருக்கும் பெண்மணியின் வீட்டில் உட்கார்ந்து, மேல்வீட்டுக்காரரை வாசிக்கச் சொல்லிச் சோதித்தால் இரண்டு பேரையும் சந்தேகப்பட்டதாகிவிடும் என்று அவருக்குக் கூச்சம். போய்க் கேட்டுப் பாருங்களேன் என்று நானும் சொல்லவில்லை. அவர் வேலையை அவருக்கு நான் சொல்லித்தருவது முறையில்லை.

அதன்பிறகு குப்பை வைக்கும் இடத்தில் பேச்சு மாறியது. "பாவம், தனியாவே கெடந்தா காதுல என்னென்னவோ கேட்கத்தான் செய்யும்" என்றார் 201-இல் இருக்கும் அம்மா. "வயசாகுதுல்ல" என்றேன். அதுவும் பொய்யில்லை.

ஜனவரியில் மகன் வந்து இரண்டு நாள் தங்கினார். அந்த இரண்டு நாளும் நான் வாசிக்கவில்லை. கீழே விருந்தாளி வந்திருக்கும்போது வாசிப்பது மரியாதையாக இருக்காது. ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஷூஹெய் என் வாசலில் வந்து இடுப்பு வளையக் குனிந்தார். "அம்மாவால உங்களுக்கு ரொம்பத் தொல்லை. டாக்டர்கிட்ட காட்டியிருக்கோம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றார். பொறுத்துக்கொள்வதாகச் சொன்னேன். அன்று மாலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன்.

பிப்ரவரியில் நிஷிவாகி அம்மா எங்கள் கடைக்கு வந்தார். நான் அங்கே வேலை பார்ப்பது அவருக்குத் தெரியாது. விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடலாம் என்று வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இளைத்திருந்தார். கோட்டுப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார்.

"உங்களத்தான் கேக்கணும்போல" என்றார். "உண்மையச் சொல்லுங்க. கீழ கேக்குமா, கேக்காதா?"

எத்தனையோ பேருக்கு ஐந்து நிமிடம் விளக்கியவன் நான். அன்றைக்கு அருகிலிருந்த பெட்டியைத் திருப்பிக் காட்டினேன். அடுக்குமாடி வீட்டுக்கும் ஏற்றது, சத்தமில்லாமல் வாசிக்கலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அவர் விரலை வைத்து இரண்டு முறை படித்தார். குனிந்து வணங்கிவிட்டு லிஃப்டை விட்டுப் படியில் இறங்கிப் போனார். இந்த விஷயத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த ஞாயிறு ஒரு பை நிறைய எங்கள் பக்கத்து மிக்கபி ஆரஞ்சோடு மேலே வந்தார்.

"என் தப்புதான். இல்லாததச் சொல்லி உங்க பேரக் கெடுத்துட்டேன்." கையில் ஒரு நோட்டு வைத்திருந்தார். "இத எழுதாதீங்கங்கிறாரு டாக்டர். கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவை பாத்துடுங்க. சிரிக்காதீங்க."

வாங்கிப் பார்த்தேன். நவம்பரிலிருந்து நான் வாசித்த ஒரு நாளையும் விடாமல் எழுதியிருந்தார். ஏழு ஐந்திலிருந்து ஏழு ஐம்பத்திரண்டுவரை. முதல் பகுதி நிதானம். மூன்றாவது தடவை திரும்பும் இடத்தில் ஒரு தட்டு பிந்துகிறது. நேற்றைவிட இன்று பரவாயில்லை. அவர் எழுதியது எல்லாம் சரி. அந்த இடத்தில் என் கால் மூன்று வாரமாகப் பிந்திக்கொண்டிருந்தது. குழுவில் இருந்தவர்கள்கூட என் வாசிப்பை இப்படிக் கேட்டதில்லை. கடையில் சொன்னால் நம்ப மாட்டார்கள், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

நோட்டை மூடி அவர் கையில் கொடுத்து, "உடம்பப் பாத்துக்கோங்க" என்றேன்.

ஏப்ரலில் வீட்டைக் காலி செய்து, நகோயாவில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். காரில் ஏறும்போது மகனிடம், "இங்க சத்தமே இல்லடா, நான் இங்கயே இருந்துக்கறேனே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான்தான் அவருடைய தையல் மிஷினைத் தூக்கி வண்டியில் வைக்க உதவினேன். அங்கே போனபிறகு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார் என்று கேள்வி. செப்டம்பரில் இறந்துவிட்டார். துக்கப் பணம் அனுப்பினேன். பதில் மரியாதையாக ஷூஹெய் பச்சைத் தேயிலை அனுப்பியிருந்தார். அருமையான தேயிலை, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

இத்தனை நாளில் யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

போன மாதம் 202-க்குப் புதிதாக ஒரு தம்பதி வந்திருக்கிறார்கள். கைக்குழந்தை இருக்கிறது. துண்டோடு மேலே வந்தார்கள். டிரம்ஸ் வாசிப்பேன் என்றதும் அந்தப் பெண், "எலெக்ட்ரானிக்தானே, சத்தம் வராதே" என்றாள். அது தப்பு என்று சொல்லி, கால் அதிர்வு எப்படிக் கீழே இறங்கும் என்று ஐந்து நிமிடம் விளக்கினேன். அவர்கள் போனதும் அலமாரியிலிருந்து பலகைகளையும் பந்துகளையும் எடுத்தேன். மேடை செய்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. மறுநாள் அவர்களைக் கீழே உட்காரவைத்து, மேலே வாசித்துவிட்டு, போய்க் கேட்டேன்.

"ஒண்ணுமே கேக்கலங்க. குழந்தை அசையக்கூட இல்ல" என்றாள். "உங்கள மாதிரி மேல்வீட்டுக்காரர் கெடைக்கக் கொடுத்து வச்சிருக்கணும்."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.