படிக்குள் இருந்த மணல்

— அது மட்டும் வேண்டாம் கொத்தனாரே. வேற என்னத்த வேணும்னாலும் இடியுங்க. அடுக்களைச் சுவர இடியுங்க, கோழிக்கூட்ட இடியுங்க. மாடிப்படியில மட்டும் கை வைக்கப்பிடாது.

— கோழிக்கூட்ட இடிச்சா கோழிதான் கிட்டும் லிஜா. எனக்கு வேண்டியது மணல், கேட்டியா?

— வேற எங்கயும் மணல் இல்லியா?

— இருந்தா இந்த நேசையன் வேலைய விட்டுட்டு உனக்க கூட வாய் பறஞ்சிட்டு நிப்பானா? வடசேரியில கேட்டாச்சு. மார்த்தாண்டத்துல கேட்டாச்சு. குவாரிக்குப் பாஸ் இல்ல, லாரி ஓடல்ல. ‘எம்-சாண்டுக்கு பேரு எழுதி வச்சிட்டுப் போவும், அடுத்த மாசம் விளிக்கேன்’னு சொல்லுதான். உனக்க மாப்பிள்ள ஆஸ்பத்திரியில இருந்து சனிக்கிழம வருதான். இன்னைக்கு செவ்வா.

— மாதாவுக்குப் புதுக் குருசடி கெட்டுகதுக்கு பங்குக் கோயில்ல மணல் இறக்கியிருந்தாவளே?

— அது போன மாசமே தீந்தாச்சு. உங்க மாதாவே பாதிச் சுவரோட நிக்குதாவ, போய்ப் பாரு.

— நீங்க எங்க பங்கு இல்லல்லா, அதான் மாதாவக் கிண்டல் செய்யுதீங்க.

— கிண்டல் இல்ல மக்ளே. மாதாவுக்குக் கிட்டாத மணல் எனக்குக் கிட்டுமா?

— கடப்புறத்துல மலை மாதிரி கெடக்கது மணல் இல்லியா? நான் சருவத்துல அள்ளிட்டு வாறேன். கிணத்துத் தண்ணியில மூணு தடவ கழுவித் தாறேன், அரிசி கழுவுன மாதிரி.

— ஜெபதாஸும் அப்படித்தான் கழுவி வீடு கெட்டினான். நாலாம் வருசம் உப்பு பிடிச்சு கம்பி எல்லாம் துரு. கான்கிரீட்டு அப்பளம் மாதிரி பெயர்ந்து நேரா மீன்கொழம்புச் சட்டியில விழுந்தது. கழுவுனா அழுக்குதான் போவும், உப்பு போவாது. பத்தாததுக்கு இது கருமணல் கெடக்க கரை. ஒரு சருவம் அள்ளினா கேசு.

— அப்பம் பலகை போடுங்க. ஸ்டெனி அண்ணனுக்க வள்ளத்துப் பலகை ரெண்டு சும்மா கெடக்கு.

— முதல் மழைக்கே பாசி பிடிக்கும். வீல்சேரு வழுக்கிட்டுப் போய் ரோட்டுல நிக்கும். நீ தந்த பேப்பர்ல ஆஸ்பத்திரிக்காரன் என்ன எழுதியிருக்கான்? ஒரு அடி ஒசரத்துக்குப் பன்னெண்டு அடி நீளம். உனக்க வாசல் ரெண்டு அடி ஒசரம். அப்பம் இருவத்திநாலு அடிக்குச் சரிவு கெட்டணும். சந்துல அவ்வளவு இடம் இல்ல, அதனால சுவரோரமா வளச்சுக் கொண்டு போவணும். குளிமுறி வாசல வேற அகலமாக்கணும். இதுக்கெல்லாம் கல்லும் மணலும் வேணும்.

— தெரியும்.

— இல்லன்னா ஒண்ணு செய்வோம். சனிக்கிழம நாலு பேர விளிச்சு அவனத் தூக்கி வீட்டுக்குள்ள விடுவோம். மணல் வரும்போ பைய கெட்டிக்கிடலாம்.

— அது நடக்காது கொத்தனாரே. அவரு போன்ல உறப்பா சொல்லிட்டாரு. ‘என்னைய யாரும் தூக்கப்பிடாது. மனுசன நாலு பேரு தூக்குகது ஒருக்காதான், அதுக்கு இன்னும் நாள் கெடக்கு’ன்னு.

— ரெனிஷ் அப்படியா சொன்னான்?

— பின்ன? மீன்பிடி போட்டுக்க ஐஸ் அறைக்குள்ள விழுந்தவர அதுல இருந்து தூக்கினாவ. ஆம்புலன்சுல தூக்கினாவ. கட்டில்ல இருந்து கட்டிலுக்குத் தூக்கினாவ. எட்டு மாசமா சாக்கு மாதிரி தூக்கி வச்சுத் தூக்கி வச்சு, அந்த மனுசனுக்கு வெறுத்துப் போச்சு. சொந்த வீட்டுக்குள்ளயாவது அவரா உருட்டிட்டு வரணும். நான் வாக்கு கொடுத்திட்டேன்.

— அப்பம் படிய எனக்கு விடு.

— அதுக்குள்ள மணல் இருக்குன்னு நிச்சயமா தெரியுமா?

— நான் கெட்டின படிலா. வெளிய கருங்கல் கெட்டு, உள்ள முழுக்க ஆத்து மணல். நான் அப்பமே சொன்னேன், மக்கா, உள்ள செம்மண்ணு போட்டு ரொப்புனா மதி, நல்ல மணல எதுக்கு பாழாக்கணும்னு. கேட்டானா? ‘எனக்க படி கெட்டிமா நிக்கணும், மணலையே போடும்’ன்னு ஒத்தக் கால்ல நின்னான். சீனி மாதிரி மணலு. இப்பம் அப்படி ஒண்ண பாக்கணும்னா கண்காட்சியிலதான் பாக்கணும்.

— அதத்தான் நானும் சொல்லுதேன். அது அவருக்க படி. கடலுக்குப் போயிட்டு வந்தா, சோறு தின்ன கையோட மேல ஏறிடுவாரு. மொட்டை மாடியில இருந்து, கரைக்கு வாற வள்ளம் எல்லாம் எண்ணுவாரு. கீழ நின்னு சாயா வேணுமான்னு விளிச்சா, ‘மேல கொண்டு வாட்டி, இஞ்ச காத்து சும்மா கெடக்கு’ம்பாரு. கல்யாணம் முடிஞ்ச புதுசுல எங்களுக்கு பேசணும்னா அங்கதான் போவணும். கீழ மாமியாரு, நாத்தனாரு, ரெண்டு கொழுந்தன்…

— செரி, செரி. அங்க பேசினத எல்லாம் என்கிட்ட பறையாண்டாம்.

— பேசத்தான் செய்தோம் கொத்தனாரே!

— நான் ஒண்ணும் சொல்லல்லியே.

— உங்களுக்க சிரிப்பு சொல்லுதுலா.

— இந்தக் கிழவன் சிரிச்சா உனக்கென்ன. சொல்லு, படிய எடுக்கட்டா?

— மணல மட்டும் எடுத்திட்டு படிய அப்படியே விடப்பிடாதா?

— வயித்துல ஒண்ணும் இல்லாம மனுசன் நிப்பானா? படியும் நிக்காது.

— கொத்தனாரே, இது உங்களுக்கு கல்லும் மணலும். எனக்கு அப்படி இல்ல. அத இடிச்சா, இனி நீங்க மேல ஏற மாட்டீங்கன்னு நானே அவருக்க முகத்தப் பாத்து சொன்ன மாதிரி ஆவும். டாக்டரு சொல்லியாச்சு. சொந்தக்காரங்க எல்லாரும் சொல்லியாச்சு. நான் ஒருத்திதான் இன்னும் அத சொல்லல்ல.

— ஏறுவானா மக்ளே?

— ஏன் அப்படி கேக்குதீங்க?

— அவன நான் குறைச்சுப் பேசல்ல. கல்லு சுமக்க ஆளு வராத அன்னைக்கு, எனக்க கூட நின்னு அந்தக் கருங்கல்ல எல்லாம் ஏத்தித் தந்தவன் அவன். ஆனா இடுப்புக்குக் கீழ ஒணர்ச்சி இல்லங்குதாவ. நீ நெஞ்சத் தொட்டு சொல்லு. ஏறுவானா?

— ஏற மாட்டாரு.

— அழாத.

— அழல்ல. சிமெண்டு தூசி.

— சிமெண்டு சாக்கு இன்னும் பிரிக்கவே இல்ல.

— பின்ன உங்க மூஞ்சியப் பாத்துதான் வருது, போதுமா?

— கொள்ளாம். எனக்க பொண்டாட்டியும் அப்படித்தான் சொல்லுவா. இஞ்ச பாரு லிஜா. நான் ஆசையா கெட்டினத நானே இடிக்கணும்னு எனக்கு மட்டும் நேர்ச்சையா? அவனால ஏற முடியாத படி, அவன் உள்ள வருகதுக்கு வழியாவட்டும். அவ்வளவுதான். அதுல குத்தம் ஒண்ணும் இல்ல.

— செரி. இடியுங்க.

— பொறவு என்னைய ஏசப்பிடாது.

— ஏசுவேன். அதுக்காக நிறுத்தாண்டாம். அவருட்ட நான் சொல்லிக்கிடுதேன்.

— எப்பம்?

— வந்து ஒரு வாரம் கழியட்டும். படி பின்பக்கம்லா இருக்கு, வந்த ஒடனே அங்க போவ மாட்டாரு. பைய சொல்லலாம்.

— அப்பம் அந்தக் கூந்தாலிய எடு. மேல இருந்துதான் பெயர்த்துட்டு வரணும்.

*

— லிஜா, இஞ்ச ஓடி வா! மேல மூணு படி எடுத்ததுக்கே எவ்வளவு கெடக்கு பாரு. கையில எடுத்துப் பாரு.

— ஈரமா இருக்கே.

— பதினஞ்சு வருசமா வெயிலு படல்லலா.

— குட்டிச் சிப்பி எல்லாம் கெடக்கு. நோக்க அழகா இருக்கு.

— ஆத்துச் சிப்பி. சலிச்சாப் போவும். மிச்சப் படியும் சாயங்காலத்துக்குள்ள இறக்கிடுவேன். நாளைக்குக் காலத்த சரிவுக்கு கல்லு வைக்கலாம். வெள்ளிக்கிழமைக்கு ஒறச்சுக் கெடக்கும். உனக்க போனு அடிக்குது பாரு.

— மாதாவே, அவருதான்! கொத்தனாரே, செத்த நேரம் கூந்தாலியப் போடாதீங்க. சத்தம் கேக்கும்.

— நான் போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன். நீ பொய்ய நல்லா யோசிச்சு சொல்லு.

— ஹலோ.

— ஏட்டி, என்ன மூச்சு வாங்குது?

— துணி அலக்கிட்டு நின்னேன். நீங்க தின்னாச்சா?

— தின்னேன். மீன்னு ஒண்ணு வச்சானுவ. அது கடலப் பாத்திருக்கவே செய்யாது. நீ சொல்லு, மணல் கிட்டிச்சா?

— கிட்டிச்சு.

— உள்ளதா? இஞ்ச வாற ஆளுவ எல்லாம் மணல் இல்ல, மணல் இல்லன்னுல்லா சொல்லுதாவ.

— நேசையன் கொத்தனாரு எங்கயோ தேடிக் கண்டுபிடிச்சாரு. நல்ல ஆத்து மணல்.

— ஆத்து மணலா! அந்த ஆளு கள்ளன். கெட்டிக்காரக் கள்ளன். அப்பம் சனிக்கிழம என்னைய ஒருத்தனும் தூக்க வேண்டாம்?

— ஒருத்தரும் தூக்க வேண்டாம். நீங்களா உருட்டிட்டு வாங்க. நான் வாசல்ல நிப்பேன்.

— மதி. எனக்கு அது மதி லிஜா.

— என்ன, குரலு ஒரு மாதிரி இருக்கு?

— ஒண்ணும் இல்ல. சந்தோசம். ஒரு காரியம் செய்யி. பின்பக்கம் போய், மாடிப்படி எத்தனைன்னு எண்ணிச் சொல்லு.

— இப்பம் அது எதுக்கு?

— எனக்க மனசுல ஒரு கணக்கு இருக்கு. அது செரியான்னு பாக்கணும்.

— வந்து பாத்துக்கிடலாம்லா.

— ஏட்டி, ரெண்டு நிமிசம் ஆவுமா? போ. நான் லைன்ல நிக்கேன்.

— எனக்கு வேலை கெடக்கு.

— எண்ணுட்டி. எனக்காவ.

— ஒண்ணு, ரெண்டு, மூணு… ஒம்பது, பத்து… பதினொண்ணு.

— பதினொண்ணா? தெத்தா எண்ணுத. பதினாலுலா! அந்தப் பதினாலுக்காவத்தாம்ட்டி ஒரு மாசமா உன்ட்ட கூட சொல்லாம, இஞ்ச தெரபி முறியில படிக்கு முதுகு காட்டி உக்காந்து, ரெண்டு கையையும் ஊணி ஊணி, ஒவ்வொண்ணா மேல ஏறிப் பழகுதேன். இன்னைக்குக் காலத்த பதினாலும் ஏறிட்டேன்.